ஊசிமுனையும் தொழிலாளியின் உயிரும்

(தொழிற்சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆஸ்பத்திரி ஊழியர்களின் பிரச்னையை மில் தொழிலாளரிடமும் விவசாயத் தொழிலாளரிடமும் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊசி போடுகிறவர்கள் அவர்கள். நம் ரத்தம் தோய்ந்த துணியை வெளுக்கிறவர்களும், வார்டுக் குப்பையை அள்ளுகிறவர்களும் அவர்களே. கூலிக்கு உழைக்கும் நம் வர்க்கத்தினர்.

நோயாளிக்குப் போட்ட ஊசி ஊழியரின் விரலில் ஏறினால், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் ரத்தத்தில் கலக்கக்கூடும். உலகின் மூன்றரைக் கோடி சுகாதார ஊழியர்களில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பேர் இப்படிப்பட்ட குத்துக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2002இல் மதிப்பிட்டது.

"ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்பதுதான் நிர்வாகங்களின் வழக்கமான பதில். மில் தொழிலாளிக்கு இது புதிதா? பெல்ட்டில் கை சிக்கியபோதும் இதையே சொன்னார்கள். ஆனால் இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவது முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஊசிக்கும் அதே நியாயம்தான்! வேலை முடிந்ததும் முனை மறைந்துகொள்ளும் ஊசிகள் உண்டு. துளைபடாத பெட்டிகள் உண்டு. விலை சற்றுக் கூடுதல்; தயக்கம் அதனால்தான்.

1998இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கேரன் டேலி என்ற நர்ஸ், கையுறை அணிந்து, ஊசியை முறைப்படி பெட்டியில் போட்டார். பெட்டியிலிருந்த வேறொரு ஊசி அவரைக் குத்திற்று. எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி.யும் தொற்றின. ஜாக்கிரதைக்கு அங்கே என்ன குறை? அவர் ஒதுங்கிவிடவில்லை, அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொன்னார். நர்ஸுகளும் யூனியன்களும் போராடினார்கள். கலிபோர்னியாவில் 1998இலும், நாடு முழுமைக்கும் 2000 நவம்பர் 6ஆம் தேதியும் சட்டம் வந்தது. பாதுகாப்பான ஊசியைத் தேர்ந்தெடுக்கையில் நோயாளியைக் கவனிக்கும் ஊழியரின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும். காயங்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே ஊழியர்கள் சாதித்தது இது!

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், ஊசிகளுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டியும், கழிவைக் கையாளும் ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. தொற்று அபாயத்துக்கு ஆளான ஊழியருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தரவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டிலுள்ளது வார்டுக்கு வர வேண்டாமா? குப்பைப் பையிலும் படுக்கை விரிப்பிலும் ஒளிந்திருக்கும் ஊசி, அதைத் தொட்டுப் போடாத தொழிலாளியையே குத்துகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளியோ வேலை போகுமென்று அஞ்சிக் காயத்தை மறைக்கிறார்.

மறைக்காதீர்கள்! குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றச் சொல்லுங்கள்.

நாம் கோருவது இதுதான்: நிரந்தரம், காண்ட்ராக்ட் என்ற பேதமின்றி அனைவருக்கும் தடுப்பூசி! பாதுகாப்பான ஊசி! காயத்தைச் சொன்னவருக்குச் சம்பளத்தோடு சிகிச்சை! இக்கோரிக்கைகளுக்காக அவர்கள் வீதிக்கு வரும் நாளில், மில் கேட்டிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் நாம் அவர்களோடு அணிவகுப்போம்!