எந்த வீட்டு வழி?



இந்தக் கருத்தரங்குக்காகக் காலையிலேயே திருவெள்ளறை வந்து சேர்ந்தவர்கள் மாற்பிடுகு பெருங்கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். தந்திவர்மப் பல்லவன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் வெட்டுவித்தது. நான்கு பக்கமும் படித்துறை. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது, தண்ணீர் ஒன்றுதான். மரபியலாரும் நோய் எதிர்ப்பியலாரும் ஆட்டிசத்தில் இதுவரை இறங்கியதும் அப்படித்தான்.

புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத மூன்று வயதுப் பையன், சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பான். மரபணு என்று நாம் வாயெடுத்ததும் பாட்டி முந்திக்கொள்வார்: "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லீங்க டாக்டர். மருமக வீட்டு வழியா இருக்குமோ?" மருமகள் தலை நிமிர மாட்டாள்.

லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபின், தாயின் பாசக்குறைவே காரணம் என்ற பழி மேலை மருத்துவத்தில் பல்லாண்டு நிலைத்தது. அதை அசைத்தது 1977-ல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் செய்த இரட்டையர் ஆய்வு. உருவொத்த இரட்டையர் 11 இணைகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். உருவொவ்வா 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணு தாயை விடுவித்தது. நம் வீடுகளிலோ அதே மரபணுவின் பெயரால் பழி அவள்மேலேயே திரும்பி விழுகிறது.

பாட்டிக்கு என்ன பதில்? 2020-ல் வெளியான பெரும் ஆய்வு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 102 மரபணுக்களை இனங்கண்டது. அவற்றில் காணப்படும் வலுவான மாற்றங்கள் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியவை. அவை எந்த வீட்டு வழியும் அல்ல. வேறு பலரிடம், இரு பக்கத்திலிருந்தும் வந்த சின்னச் சின்ன மாற்றங்கள் கூடிச் சேர்கின்றன. மாமன் மகளைக் கட்டிய வீட்டிலோ இரண்டு வழியும் ஒரே வழிதான். ஒடுங்கு மரபணுக் கோளாறுகள் அங்கே வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது.

இனி அடுத்த துறை, நோய் எதிர்ப்பியல். பிறவி ரூபெல்லா தாக்கிய 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ், 1971-ல் அவர்களிடையே ஆட்டிசம் மிகுந்திருப்பதைக் காட்டினார். தாயின் உடல் கிருமியை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்லூக்கின்-17ஏ, கருவிலுள்ள மூளையின் புறணியைக் குலைப்பதை 2016-ல் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டனர். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. கர்ப்பத்தில் காய்ச்சல் கண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை.

ரூபெல்லாவைத் தடுக்கலாம். 2017-ல் தமிழகம் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. ஆட்டிசத்துக்கான ஒரு காரணத்தையே தடுக்கும் இத்தகைய ஊசியின் மீதுதான் மருத்துவர் வேக்ஃபீல்டு 1998-ல் ஒரு கட்டுரையில், அதுவே ஆட்டிசத்தைத் தருகிறது என்று பழி போட்டார். அக்கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் குழந்தைகளை ஆராய்ந்த 2019 ஆய்வும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்றே முடித்தது. வதந்தி மட்டும் ஓயவில்லை. அதன் நிழலில் 'எதிர்ப்பாற்றலைச் சீராக்குகிறோம்' என்று கடை விரிப்போரும் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நன்னெறி வாரியம் 2022-ல் கூறியதை, நகை விற்றுக் காசோடு வரும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுரையின் கடைசி வாக்கியம், அந்தப் பாட்டிக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். அதைக் கேட்டு மருமகள் தலை நிமிர்ந்தால் போதும்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.