தெருக்கள் நிறைய விளையாடும் பிள்ளைகள்

வானொலி மறையுரை
வாசகங்கள்: செக்கரியா 8:4-5, மத்தேயு 11:16-17



எருசலேம் நகரம் பாதி இடிந்து கிடந்த காலம் அது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் கோவிலைக் கட்டுவதா, சொந்த வீட்டைக் கட்டுவதா, வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதா என்று திணறிக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களிடம் இறைவாக்கினர் செக்கரியா பேசுகிறார். ஆண்டவர் மீண்டும் வந்து குடியிருக்கும் நகரம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்கிறார். பொன்னால் இழைத்த மாளிகைகளையோ படை வரிசைகளையோ அவர் அங்கே காட்டவில்லை. வயதான தாத்தாக்களும் பாட்டிகளும் கையில் ஊன்றுகோலோடு வீதியோரம் அமர்ந்திருப்பார்கள் என்கிறார். சிறுவரும் சிறுமியரும் தெருக்கள் நிறைய விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்கிறார். கடவுள் ஒரு நகரில் குடியிருக்கிறார் என்பதற்கு இறைவாக்கினர் தரும் அடையாளம் இவ்வளவுதான்.

நம் ஆண்டவர் இயேசுவும் விளையாடும் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தவர். மத்தேயு நற்செய்தி 11ஆம் பிரிவில், சந்தைவெளியில் உட்கார்ந்து விளையாடும் சிறுபிள்ளைகளை உவமையாக்குகிறார். ஒரு கூட்டம் குழல் ஊதிக் கல்யாண விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது. இன்னொரு கூட்டம் ஆட மறுக்கிறது. சரி, சாவு விளையாட்டு விளையாடலாம் என்று ஒப்பாரி வைத்தால், அதற்கும் யாரும் அழ வரவில்லை. பிள்ளைகளின் விளையாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் இப்படி ஓர் உவமையைச் சொல்ல முடியும். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று சந்தைவெளி இருந்தது. நம் நகரங்களில் இன்று பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். இளையோர் விளையாடவும் கூடிப் பழகவும் வேண்டிய இடங்களுக்கு நகராட்சியும் மாநகராட்சியும் மக்கள் வரிப்பணத்தைச் செலவிட வேண்டுமா?

2024 அக்டோபர் மாதக் கடைசியில், சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சிக்குச் சொந்தமான, செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது, விளையாட வரும் ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்குவது என்பதே அந்தத் தீர்மானம். எதிர்ப்பு உடனே கிளம்பியது. ஓரிரு நாளிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மனத்தை மாற்றிக்கொண்டது நல்ல செயல்தான். ஆனாலும் அந்த 120 ரூபாயை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒரு பையன் விளையாடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு 2,400 ரூபாய். வீட்டில் அவனுக்கு ஒரு தங்கை இருந்து அவளும் விளையாட வந்தால் 4,800 ரூபாய். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு தாயிடம், மூட்டை தூக்குகிற ஒரு தந்தையிடம் இதைக் கேட்க முடியுமா? "சின்ன பிரேசில்" என்று பெயர் வாங்கிய வியாசர்பாடியில் கால்பந்து வளர்ந்தது, பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் கால்களில்தான். வாசலில் கட்டணம் வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

அன்புக்குரியவர்களே, மறுபக்கம் பேசுகிறவர்களின் பேச்சையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்கள் எல்லாரும் பிள்ளைகளை வெறுப்பவர்கள் அல்லர்.

"மழை வந்தால் தெரு மிதக்கிறது. குடிநீர் வரவில்லை. முதலில் கால்வாயைத் தூர் வாருங்கள், திடல் பிறகு ஆகட்டும்" என்பது முதல் வாதம். நியாயமான கவலை. ஆனால் திடல் என்பது கால்வாய் வேலை முடிந்தபின் மிச்சக் காசில் செய்யும் தர்மம் இல்லை. நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளாக அதில் 18 பணிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. குடிநீர் இருக்கும் அதே பட்டியலில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்று 31ஆவது பிரிவில் சொல்கிறது. 1992இல் நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு கட்டாத கால்வாயை அடுத்த ஆண்டு கட்டிவிடலாம். இந்த ஆண்டு பன்னிரண்டு வயதில் இருக்கும் சிறுமிக்கு அடுத்த ஆண்டு அந்த வயது திரும்ப வராது.

"இலவசமாகக் கொடுத்தால் யாரும் அதைப் பேண மாட்டார்கள்" என்பது இரண்டாவது வாதம். இதிலும் உண்மை உண்டு. விளக்கு எரியாத, பாட்டில் உடைந்து கிடக்கிற, கழிப்பறைக்குப் பூட்டுப் போட்ட திடல்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே திடலைத் திறப்பதற்கு மட்டும் பணம் ஒதுக்கினால் போதாது. காவலாளிக்கும் விளக்குக்கும் தண்ணீருக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் போட்டி நடத்தக் கேட்டால் அவர்களிடம் கட்டணம் வாங்கலாம், தவறில்லை. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் விளையாடும் நேரம் மட்டும் கட்டணமில்லாமல் இருக்கட்டும்.

"பிள்ளைகளை வளர்ப்பது குடும்பத்தின் வேலை, கோவிலின் வேலை, இதில் மாநகராட்சிக்கு என்ன?" என்பது மூன்றாவது வாதம். திருஅவையின் சமூகப் போதனை இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. குடும்பமும் சிறிய அமைப்புகளும் தாங்களே செய்யக்கூடியதை அரசு பறித்துக்கொள்ளக் கூடாது. அவற்றால் செய்ய முடியாததற்கு அரசு துணை நிற்க வேண்டும். திருத்தந்தை 11ஆம் பயஸ் 1931இல் எழுதிய சுற்றுமடலின் சாரம் இது. ஒரு தாய் பிள்ளைக்கு நல்லொழுக்கம் கற்பிக்கலாம். ஓர் அன்பியம் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கலாம். ஆனால் நெரிசலான நகரத்தில் ஒரு குடும்பம் ஒரு ஏக்கர் நிலத்தை எங்கிருந்து கொண்டுவரும்? நிலத்தை ஒதுக்கிக் காப்பாற்ற நகர நிர்வாகத்தால்தான் முடியும்.

நம் புனிதர் தொன் போஸ்கோவின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1841 டிசம்பர் 8ஆம் நாள், துரின் நகரில் பர்த்தலோமேயு கரெல்லி என்ற ஏழைக் கொத்துவேலைப் பையனோடு அவருடைய இளையோர் பணி தொடங்கியது. வேலை தேடி நகரத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையில் போக்கிடம் இல்லாமல் அலைந்த பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகியது. ஒரு கல்லறைத் தோட்டத்துக் கோவிலில் கூடினார்கள். சத்தம் தாங்கவில்லை என்று துரத்தினார்கள். மாவு ஆலைகளின் பக்கம் போனார்கள்; அங்கும் புகார். ஒரு புல்வெளியை வாடகைக்குப் பிடித்தார்கள். பையன்கள் மிதித்துப் புல்லின் வேர்கூட மிஞ்சவில்லை என்று அதன் சொந்தக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். இத்தனை பையன்கள் கூடினால் கலகம் வருமோ என்று நகர அதிகாரி பயந்தார். கடைசியில் 1846 ஏப்ரல் 12ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா அன்று, வால்தொக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டகையில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. தொன் போஸ்கோவிடம் அன்பு குறையவில்லை, பிள்ளைகளும் குறையவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் பட்ட பாடெல்லாம் இடத்துக்காகத்தான். ஒரு புனிதருக்கே இடம் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆனது என்றால், சாதாரணப் பெற்றோர் என்ன செய்வார்கள்?

இளையோருக்கு இடம் கொடுத்தால் போதைப் பழக்கம் குறையுமா என்று கேட்கிறார்கள். ஐஸ்லாந்து நாட்டின் அனுபவத்தைப் பாருங்கள். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில், அதற்கு முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 42 சதவீதம். 2016இல் அது 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் கலைகளுக்கும் பொதுப்பணம் செலவிட்டார்கள். தலைநகர் ரெய்க்யவிக், ஒவ்வொரு பிள்ளையின் பொழுதுபோக்குப் பயிற்சிக்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதோடு பெற்றோரும் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிட்டார்கள், சட்டமும் கடுமையானது. திடல் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. திடலும் வீடும் சட்டமும் கைகோத்தபோது மாற்றம் வந்தது.

ஆனாலும் சகோதர சகோதரிகளே, "விளையாட விட்டால் கெட்டுப்போக மாட்டான்" என்று மட்டும் பேசினால், பிள்ளையை ஓர் ஆபத்தாகவே நாம் பார்க்கிறோம் என்று பொருள். செக்கரியா அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு விளையாட்டு என்பது கடவுள் தரும் அமைதியின் கனி. புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டைப் பற்றி எழுதும்போது, நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய ஒரு பழங்கதையைச் சொல்கிறார். யோவான் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரைத் தொடர்ந்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். வில் ஒடிந்துபோகும் என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான். டியூஷன், வேலை, கைப்பேசி என்று எந்நேரமும் நாண் ஏற்றியபடியே இருக்கும் நம் பிள்ளைகளின் மனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் விளையாடும் ஆயிரம் பிள்ளைகளில் 999 பேர் எந்தப் பதக்கமும் வாங்கப் போவதில்லை. அவர்களுக்கும் அந்த இடம் உரியது. செக்கரியா சிறுவரோடு சிறுமியரையும் சேர்த்தே சொன்னார் என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல வெளிச்சமும் சுத்தமான கழிப்பறையும், பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நேரமும் இல்லாத திடலில், அவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959 முதல் தனிச் சட்டமும் இருக்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒதுக்கிய இடம் எங்கே, இன்று அதில் என்ன நிற்கிறது என்று விசாரியுங்கள். வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போங்கள். என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

நகராட்சியிடம் கேட்கும் நாம் நம் வாசலையும் பார்க்க வேண்டும். இளையோர் தங்கள் சொந்த இடமாக உணர்ந்து தாராளமாக வந்துபோகும் இடங்களை நம் நிறுவனங்கள் தர வேண்டும் என்று, திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் "கிறிஸ்து வாழ்கிறார்" என்ற திருத்தூது ஊக்கவுரையில் கேட்டுக்கொண்டார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாரம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஆலய வளாகங்கள் எத்தனை? மாலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கதவு திறக்கட்டும். எந்த மதத்துப் பிள்ளை என்று கேட்காமல் திறக்கட்டும். பங்குப் பேரவை அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும். சத்தம் கேட்கும், செடி மிதிபடும், ஒன்றிரண்டு கண்ணாடி உடையும். பரவாயில்லை.

மன்றாடுவோம். சிறுபிள்ளைகளை அருகில் அழைத்து அணைத்துக்கொண்ட ஆண்டவரே, எங்கள் நகரங்களை ஆள்வோருக்கு ஞானத்தைத் தாரும். இடமில்லாமல் அலையும் இளையோருக்கு இடம் தரும் பரந்த உள்ளத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் தெருக்களில் முதியோர் நிம்மதியாக அமரவும், பிள்ளைகள் அச்சமின்றி விளையாடவும் செய்தருளும். ஆமென்.