ஆலய மண்டபப் பதிவும் கணினிப் பாதுகாப்பும்

(ஆலய உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சிங்கப்பூரில் ஆலயம் வழிபாட்டிற்குரிய இடமாக மட்டும் விளங்குவதில்லை. மண்டபத்தில் திருமணங்கள் நடைபெறுகின்றன. பரதமும் தேவாரமும் யோகாசனமும் கற்பிக்கப்படுகின்றன. விடுமுறையில் பிள்ளைகள் கூடி விளையாடி மகிழ்கின்றனர். இவை அனைத்திற்கும் இதுகாறும் ஒரு தடித்த பதிவேடே துணை நின்றது. அதனைக் கணினிக்கு மாற்றும் தீர்மானம் இன்று நம் முன் உள்ளது. பூப்பந்துத் திடலையும் சமூக மன்ற வகுப்பையும் கைபேசியிலேயே பதிவு செய்து பழகிய இளையர்கள், ஆலயத்திலும் அதனையே எதிர்பார்ப்பது இயல்பு.

தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் மென்பொருளை வாங்குமுன் நம் விதிகளை நாம் எழுதி வைத்தாக வேண்டும். திருமணத்திற்கு மண்டபத்தை ஒதுக்கினால் உணவுக்கூடமும் சமையலறையும் உடன் ஒதுக்கப்பட வேண்டும் என்பதையோ, ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் மண்டபத்தைக் கழுவிவிட எவ்வளவு நேரம் தேவை என்பதையோ கணினி தானே அறியாது. தைப்பூசம், நவராத்திரி, ஆண்டுத் திருவிழா ஆகிய நாட்களைப் பூட்டி வைத்த பின்னரே பதிவைத் திறக்க வேண்டும். ஞாயிறுதோறும் நடக்கும் நடன வகுப்பு, முகூர்த்த ஞாயிறன்று எங்கே செல்வது? இவற்றை முடிவு செய்யாவிடில், ஒரே முகூர்த்தத்திற்கு இரு வீட்டார் அழைப்பிதழ் அச்சிட்டு வந்து நிற்கும் நிலை நேரும். முதல் மூன்று மாதங்களுக்குப் பதிவேடும் கணினியும் இணைந்தே நடக்கட்டும்.

தகவல் பாதுகாப்பைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பதிவேடு தடித்ததாயினும், கண்காணா இடத்திலிருந்து எவரும் அதனைத் தூக்கிச் செல்ல இயலாது. கணினிக்கு அந்தக் காவல் இல்லை. 2018ஆம் ஆண்டில் சிங்ஹெல்த் குழுமத்தின் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. விசாரணைக் குழு சுட்டிய குறைகளுள் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லும் ஒன்று.

தேவையற்றதைக் கேளாதிருப்பதே முதற் காவல். சட்டம் கோரும் இடங்களிலும், அடையாளத்தை ஐயமற உறுதி செய்தே தீரவேண்டிய இடங்களிலும் அன்றி, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைப் பெறலாகாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதல். ஆகவே மண்டபப் படிவத்தில் அந்தக் கட்டமே வேண்டா. பிள்ளைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றிய குறிப்புகள் அவசியம். அவற்றை வகுப்பாசிரியரும் பொறுப்பாளரும் மட்டுமே காண வேண்டும்.

அடுத்தது, கணக்கு எவர் பெயரில் என்பது. ஒரு தொண்டூழியரின் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்தால், அவர் பொறுப்பிலிருந்து விலகும் நாளில் ஆலயத்தின் ஆவணங்களும் அவருடன் சென்றுவிடும். அவர் நல்லவர் என்பது இங்கு விடையாகாது. உண்டியலை நாம் ஒருவர் தனித்துத் திறக்க விடுவதில்லை; பலர் முன்னிலையில் திறந்து, எண்ணி, கையொப்பம் இடுகிறோம். அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். கணக்கு ஆலயத்தின் பெயரில் இருக்கட்டும். நிர்வாக உரிமை இருவரிடம் இருக்கட்டும். ஏனையோர்க்குத் தனித்தனிக் கடவுச்சொல். புதிய குழு பொறுப்பேற்கும் கூட்டத்திலேயே பழைய அனுமதிகளை நீக்கி, கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்.

தகவல்களுக்கு மூன்று படிகள், இரு வேறு சாதனங்களில், ஒன்று ஆலயத்திற்கு வெளியே இருத்தல் நலம். கணினியுடன் எப்போதும் இணைந்திருக்கும் வட்டு, பணம் பறிக்கும் நச்சுநிரல் புகுந்தால் அதுவும் சேர்ந்தே முடங்கும். காலாண்டிற்கொரு முறை வேறொரு கணினியில் சென்ற மாதப் பதிவுகளை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி நாம் ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமித்தாக வேண்டும். இதனை மரியாதைப் பதவியாகக் கருதலாகாது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது அறிவிக்கப்பட வேண்டிய கசிவு என்று கண்டறிந்த 3 நாட்களுக்குள் ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. உறுப்பினர், உபயகாரர், மாணவர் பட்டியல்களைச் சேர்த்தால் 500 என்பது பெரிய எண்ணிக்கை அன்று.

கைபேசி கைவராத மூத்தோர்க்காக அலுவலக முகப்புத் தொடர வேண்டும். அவர்கள் பொருட்டு அலுவலரே பதிந்து, அச்சிட்ட சீட்டைத் தரலாம். பழைய பதிவேடுகளுள் எவற்றைப் பேணுவது, எவற்றை அழிப்பது என்பதையும் குழுவினர் இத்தீர்மானத்துடன் சேர்த்தே முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.