பாதியில் நின்ற குட்டி விமானம்

பி.டி.-5 ஒரே ஒருவர் உட்காரக்கூடிய அமெரிக்கக் குட்டி விமானம். மூக்கிலிருந்து வால்வரை ஏறத்தாழ 4 மீட்டர்தான். விசிறி முன்னால் இல்லை; வால் முனையிலிருந்து தள்ளும். ஜிம் பீடி வடிவமைத்த இது முதன்முதலில் பறந்தது 1971-இல். ஜேம்ஸ் பாண்டின் 'ஆக்டோபஸி' படத்தில் வருவது இதன் ஜெட் வடிவம்.

பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்றதும் ஆட்கள் முண்டியடித்தார்கள். 5,000-க்கு மேல் விற்றது. தகடு வந்தது, சக்கரம் வந்தது, எஞ்சின்தான் பலருக்கு வந்து சேரவேயில்லை. நிறுவனமும் நொடித்துப்போனது. பறந்தவை சொற்பம், மீதி கார் கொட்டகைகளில் தங்கிவிட்டன.

அப்படிக் கிடப்பதை வாங்கி முடிக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது காகிதங்களை. சொந்தத் தயாரிப்பு என்று பதிவாக, பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தொழில்முறை அல்லாதவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பழைய உரிமையாளரின் உழைப்பும் கணக்கில் சேரும். அதற்குச் சான்று அவர் எழுதிவைத்த குறிப்பேடும் புகைப்படங்களும்தான்.

அடுத்து உலோகம். அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. இருக்கைக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தால், அதன் சிறுநீர் பட்ட தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். சுரண்டிப் பார்த்துக் குழி ஆழமாக இருந்தால், தகட்டையே வெட்டி மாற்ற வேண்டியதுதான். தலை சரியாகப் படியாத ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். ரப்பர் குழாய்களில் யோசிக்கவே வேண்டாம், எல்லாமே புதிது.

உண்மையான தலைவலி எஞ்சின். அது விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விசிறியோ வால் முனையில். நடுவே ஒரு நீளத் தண்டு. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் தண்டு சற்றே முறுகித் தளர்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த அதிர்வு பெருகினால் தண்டே முறியலாம். ஆகவே கிடைத்த எஞ்சினைப் பொருத்திவிட்டுத் தண்டை அப்படியே விட முடியாது. எஞ்சின் கனமானதென்றால் எடை பின்னுக்குச் சாயும். மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைத்து நிறுத்து, தேவையானால் மூக்கில் ஈயம் வைப்பார்கள்.

இன்னொன்று, விசிறி விமானத்தின் எடைமையத்துக்கு மேலே சுழல்வதால் அதன் தள்ளுவிசை மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். எஞ்சின் நடுவானில் நின்றால் அந்த அழுத்தம் போய் மூக்கு சட்டென்று மேலெழும், வேகம் விழும். அக்கணமே கட்டுப்பாட்டுக் கோலை முன்னால் தள்ளியாக வேண்டும். முதல் பறத்தலிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு.

அதிகாரி பார்வையிட்டு அனுமதித்த பிறகும், குறிப்பிட்ட எல்லைக்குள் பொதுவாக 40 மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும். பயணி ஏற்றக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. இருக்கையே ஒன்று என்பதால் அதை மீறவும் வழியில்லை. முக்கிய வேலையைச் செய்து முடித்தவர் விண்ணப்பித்தால், ஆண்டுப் பரிசோதனையைத் தாமே செய்துகொள்ளும் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கும். முடித்த விமானத்தை விலைக்கு வாங்குபவருக்கு அந்தச் சான்றிதழ் கைமாறாது.