உள்ளிருந்து திறக்கும் கதவு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமுனுகுலை அடிவாரத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது ஆமைப் பூட்டைப் போட்டு, திறப்பை அடுத்த காம்பிராப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். பாடசாலை விட்டு வரும் எனக்குத் திறப்போடு ஒரு கோப்பை பிளேன்டீயும் கிடைக்கும்.

இவ்வருடம் என் மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போனாள். அங்கே திறப்பு இல்லை, ஓர் அட்டைதான். பூட்டுக்கு அருகே பிடித்தால், அட்டையிலுள்ள சில்லு பூட்டின் வானொலி அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் குறியீட்டைச் சொல்கிறது; கதவு திறக்கிறது. அட்டை தொலைந்தால் அதை மட்டும் இரத்துச் செய்யலாம், பூட்டை மாற்றத் தேவையில்லை. நல்ல வசதிதான்.

ஆனால் நான் முதலில் பார்த்தது கதவின் உட்பக்கத்தை. மருத்துவ மாணவியாக நான் தங்கிய தனியார் விடுதியொன்றில் இரவு ஒன்பது மணிக்கு வெளியே பூட்டு விழும். ஓரிரவு தோழிக்குத் தொய்வு வந்து மூச்சுத் திணறியது. திறப்பு வைத்திருந்தவரை எழுப்பி வர இருபது நிமிடமாயிற்று. அவள் பிழைத்தாள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் மாண்டார்கள். காவலுக்கென்று போட்ட சங்கிலிதான் அது.

ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் நமது பதுளை. உங்களில் மாணவியருக்கு அறை வாடகைக்கு விடுவோரும் இருப்பீர்கள், பிள்ளைகளை விடுதிக்கு அனுப்புவோரும் இருப்பீர்கள். எந்தப் பூட்டானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கரண்ட் போனாலும், பற்றரி தீர்ந்தாலும், அட்டை இல்லாமலே உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்குமா? உள்ளே ஒருத்தி மயங்கி விழுந்தால், நள்ளிரவிலும் வெளியிலிருந்து திறக்கக்கூடியவர் யார்? பிள்ளை வந்து போகும் நேரத்தைப் பூட்டு பதிந்து வைத்தால், அதைப் பார்ப்பவர் யார்?

மூன்றாவதைக் கேட்டபோது, அந்தப் பதிவை நானும் பார்க்க முடியுமா என்ற ஆசை எனக்கே வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மாவும் நான் வரும் நேரம் அறிவார். ஆனால் வராத நாளில் ரோட்டு வரைக்கும் தேடி வருவார். அட்டை அதைச் செய்யாது.

அதனால் மகளிடம் ஒன்றுதான் சொன்னேன்: "பக்கத்து அறைப் பிள்ளையோடு சிநேகமாயிரு."