பதினாறாவது பிஸ்கட்

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அடையாற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோட்டத்திற்கும் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் நடுவே ஊரூர் ஒல்காட் குப்பம் அமைந்துள்ளது. அச்சபையை நிறுவியோருள் ஒருவரான கர்னல் ஒல்காட், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென 1894ஆம் ஆண்டில் இப்பகுதியில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குப்பத்தின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். மாலை வேளையில் அங்கிருந்து தெற்கு நோக்கி நடப்போர், சற்று நேரத்தில் சுண்டலும் சோளமும் இளநீரும் விற்கும் வண்டிகளின் வரிசையை அடைவர்.

அவ்வண்டிகளில் இப்போது பணம் செலுத்தும் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதனருகே, வந்து சேர்ந்த தொகையை உரத்த குரலில் அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டியும் இருக்கிறது. யுபிஐ முறை 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது இப்பெட்டி இல்லை. வாங்குபவர் தம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டி, “அனுப்பிவிட்டேன்” என்று சொன்னால் விற்பவர் தலையசைப்பார். திரையில் தெரிந்தது சில வேளை நேற்றைய ரசீது. சில வேளை போலியாகச் செய்த படம். கூட்டத்தின் நடுவே, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பொட்டலமுமாக நிற்பவர் அதை எங்ஙனம் சரிபார்ப்பார்? ஆகவே பெட்டி வந்தது. அதற்குப் பெரும்பாலும் மாத வாடகையும் உண்டு. பிறர் சொல்லும் பொய்க்காகச் சுண்டல் விற்பவர் செலுத்தும் வரி என்று அதனைக் கொள்ளலாம்.

இருபது முப்பது ரூபாய்க்குப் போலி ரசீது காட்டுபவர் தம்மைத் திருடர் என்று எண்ணுவதில்லை. தொகை சிறிது என்பதே அவருக்குக் கிடைக்கும் ஆறுதல். இவ்வுரையின் பொருள் அந்த ஆறுதல்தான். கைப்பேசியாலும் விளம்பரத்தாலும் அக்கம்பக்கத்தாராலும் நாள்தோறும் ஏற்படும் எரிச்சல்களில் பெரும்பாலானவை, தனித்தனியே பார்த்தால், புகார் சொல்லக் கூச்சப்படும் அளவுக்குச் சிறியவை. அவற்றை உண்டாக்குவோர் அந்தக் கூச்சத்தை நன்கறிவர்.

சிறிது என்று கழித்துவிடாமல் பெயரிட்டுச் சொல்லும் வழக்கம் இந்த அவையினருக்குப் புதிதன்று. அணுவிரதங்களுக்குக் கூறப்படும் அதிசாரங்களை நினைவிற்கொள்க. பொய்யாமைக்கு உரியவற்றுள் பொய் ஆவணம் எழுதுதல் ஒன்று. கள்ளாமைக்கு உரியவற்றுள், போலியைக் கலந்து விற்பதும், கொடுக்கும்போது குறைத்தும் கொள்ளும்போது மிகுத்தும் அளப்பதும் அடங்கும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவை வரிசையாக உள்ளன. மரக்காலும் தராசும் வழங்கிய காலத்தில் வகுக்கப்பட்டவை எனினும், இயந்திரமே எண்ணிப் பொதியும் இக்காலத்திலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது. அதற்குச் சான்று சென்னைக்கு அருகிலேயே உண்டு.

மணலியை அடுத்த மாத்தூரில் வசிப்பவர் ஒருவர், தெருவில் திரியும் வாயில்லா உயிர்களுக்குக் கொடுப்பதற்காக 2021 டிசம்பரில் பிஸ்கட் பொட்டலங்கள் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே 15 இருந்தன. குறைந்த ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ 75 காசு. நாய்கள் எண்ணிப் பார்ப்பதில்லை; எத்தனை கிடைத்ததோ அத்தனைக்கும் வாலாட்டும். அவர் எண்ணினார். கடையில் கேட்டார், நிறுவனத்திடம் கேட்டார், தக்க விடை கிடைக்கவில்லை. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குச் சென்றார்.

நாடறிந்த அந்நிறுவனம் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது. பிஸ்கட் எண்ணிக்கையால் விற்கப்படுவதன்று, எடையால் விற்கப்படுவது என்றது. உறையில் குறித்த எடை 76 கிராம். ஆணையத்தின் முன் எடை பார்க்கப்பட்டபோது 74 கிராமே இருந்தது. பொதிந்து விற்கும் சிறு பொருள்களில் 4.5 கிராம் வரை வேறுபாடு விதிப்படி ஏற்கத்தக்கது என்று அடுத்த வாதம் வந்தது. காற்றில் உலர்ந்து எடை குறையக்கூடிய பொருள்களுக்கே அவ்விலக்கு, பிஸ்கட்டுக்கு அன்று என ஆணையம் அதனை ஏற்க மறுத்தது. 16 என்று உறையில் எழுதிவிட்டு, எண்ணிக்கை பொருட்டன்று எனச் சொல்வதும் எடுபடவில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு ஒரு லட்சம் ரூபாய், வழக்குச் செலவு 10,000 ரூபாய், அந்தத் தொகுதிப் பொட்டலங்களின் விற்பனைக்குத் தடை. வழக்குத் தொடுத்தவர் கேட்டது கோடிக்கணக்கில். அதை ஆணையம் தரவில்லை, தந்திருக்கவும் வேண்டியதில்லை. 75 காசுக்கு ஒருவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அலைந்தார் என்று நகைத்தோரும் உண்டு. நாள்தோறும் லட்சக்கணக்கில் பொதியும் ஆலை அந்த 75 காசைப் பார்க்கும் கண் வேறு என்பதை நகைத்தோர் எண்ணவில்லை.

இந்த அவையில் உள்ள இல்லங்களுக்கு இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. கடையில் எப்பொருளை எடுத்தாலும் முதலில் கண் தேடுவது பச்சைப் புள்ளியை. பேரப்பிள்ளை கேட்கும் நொறுக்குத்தீனியின் பின்புறத்தில், மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் படித்தாலும் தெளிவாகத் தெரியாத எழுத்தில் சில எண்கள் இருக்கும். அவற்றுள் 631 என்பது டைசோடியம் ஐனோசினேட் என்னும் சுவையூட்டி. உடனடி நூடுல்ஸ், உருளைக்கிழங்கு வறுவல் முதலியவற்றில் சேர்க்கப்படுகிறது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் அதனை எடுக்கலாம். தாவர மாவிலிருந்தும் செய்யலாம். எண்ணை மட்டும் படிப்பவருக்கு எது என்று தெரிய வழியில்லை. 120 என்பது செந்நிறம் தரும் கார்மின். ஒரு வகைப் பூச்சிகளை உலர்த்திப் பொடித்து எடுப்பது. மருந்துக் காப்ஸ்யூல்களின் உறை பெரும்பாலும் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறும் ஜெலட்டின் என்பதை இங்குள்ளோர் பலரும் அறிவர்.

இது குறித்துத் தில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பர் 9 அன்று பிறப்பித்த ஆணை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. உணவுப்பொருளில் சேரும் ஒவ்வொன்றும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் ஆக்கப்பட்டதா என்பதை எண்ணால் மறைக்காமல் வெளிப்படுத்த வேண்டும் என்று அது கூறியது. விலங்கிலிருந்து வந்த பொருளின் விகிதம் எவ்வளவு சிறிதாயினும் அவ்வுணவு அசைவமே என்றும், உண்பவர் தம் தட்டில் இருப்பது எது என்று அறிவது அரசமைப்பின் 21, 25ஆம் உறுப்புகளைச் சார்ந்த உரிமை என்றும் கூறியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சுற்றறிக்கையும் அதே மாதத்தில் வந்தது. ஆணை வந்துவிட்டது, உறையின் எழுத்து மட்டும் இன்னும் பெரிதாகவில்லை.

உறையிலாவது எழுத்து அசையாமல் நிற்கிறது. கைப்பேசித் திரையில் அதுவும் இல்லை. வீட்டு மளிகையைச் செயலியில் வாங்கும் மூத்தவர் ஒருவர் படும் பாட்டைப் பாருங்கள். “இன்னும் இரண்டே உள்ளன” என்று சிவப்பெழுத்து துரத்துகிறது. கேளாத காப்பீடோ நன்கொடையோ கூடையில் தானே ஏறி அமர்கிறது. முதலில் ஒரு விலை. கட்டணப் பக்கத்தில் வேறொரு விலை. சலுகை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், “எனக்குச் சேமிக்க விருப்பமில்லை” என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மறுப்பதற்கே வெட்கப்பட வேண்டியிருக்கிறது. சந்தாவில் சேர ஒரு தொடுகை போதும், விலகப் பத்துப் பக்கம். இவை தற்செயலாக அமைந்த குழப்பங்கள் அல்ல. ஊதியம் பெறுவோர் அமர்ந்து திட்டமிட்டு வரைந்தவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இத்தகைய உத்திகள் 13 வகையாகப் பெயரிடப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளன. பொய் விளம்பரத்திற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். மூத்தவர்கள் இவ்விடங்களில் தடுமாறும்போது, “உங்களுக்குக் கைப்பேசி தெரியவில்லை” என்று வீட்டிலுள்ள இளையோர் சலித்துக்கொள்வதுண்டு. தெரியாமையன்று அது. தடுமாற வேண்டிய இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உதவிக்கு 1915 என்னும் எண் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணமும் இல்லை.

மீண்டும் குப்பத்திற்கு வருவோரின் காதில் கைப்பேசி மணி விழும். மீன்பிடித் தொழிலைக் குறித்து இந்த அவையினரின் கொள்கை தெரிந்ததே. ஆயினும் கடலுக்குள் சென்றவர் உயிரோடு கரை திரும்ப வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கைகள் கைப்பேசி வழியாகவே இன்று கரையோர மக்களை எட்டுகின்றன. தென் இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரெனக் கரையேறும். கள்ளக்கடல் என்பது அதன் பெயர். 2024 மே மாதத்தில் அதற்கான எச்சரிக்கை தமிழகக் கரைக்கும் விடுக்கப்பட்டது. அந்தச் செய்தி வரும் அதே கைப்பேசிக்குத்தான் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்ற அழைப்புகளும் வருகின்றன. பத்து அழைப்பைத் துண்டித்துப் பழகிய விரல் பதினோராவதையும் துண்டிக்கும். 2023ஆம் ஆண்டில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனையாகக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியபோது, இதை நிறுத்துவது எப்படி என்பதே பலருடைய முதற்கேள்வியாக இருந்தது. வேண்டாத அழைப்பு களவாடுவது ஒரு நிமிடத்தை மட்டுமன்று. வேண்டிய அழைப்பின் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்தே வர வேண்டும். வங்கி முதலியோரின் சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை உண்டு. சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து விற்பனை பேசுபவர் விதியை மீறுகிறார். 1909க்கு ஏழு நாட்களுக்குள் புகார் அனுப்பலாம். பணம் பறிபோனால் உடனே 1930. பணத்தைப் பெறுவதற்கு எவரும் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதில்லை என்பதைத் தாய்மார்கள் குறிப்பாக நினைவில் வைக்கலாம்.

நிறுவனங்களைக் குறைகூறுவது எளிது. அவை எதிரில் அமர்ந்து கேட்பதில்லை. அதே கடற்கரையில் மணலில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் காணொளி பார்ப்பவர் எவருடைய நிறுவனம்? சரியா என்று பாராமல் மருந்துக் குறிப்பை நாற்பது பேருக்கு அனுப்புபவர்? பயனின்றிச் செய்யும் தீங்குக்கு அநர்த்த தண்டம் என்று பெயர் வைத்தார்கள் முன்னோர். வீண் பேச்சையும் கருதாது செய்யும் செயலையும் அதற்குள்ளேயே சேர்த்தார்கள். இலாபத்திற்காகச் செய்பவனுக்காவது ஒரு காரணம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

அவ்வகைத் தீங்கு எத்துணை சிறிய உயிரை எட்டும் என்பதையும் அக்கரையிலேயே காணலாம். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடுகின்றன. பங்குனி ஆமை என்று அதற்குப் பெயர். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை. 45 முதல் 60 நாட்களில் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் இரவில் மணலை விலக்கி வெளிவரும். அவற்றுக்கு வழிகாட்ட எவரும் இல்லை. தாய் அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிட்டது. எத்திசை வெளிச்சமாக இருக்கிறதோ அத்திசை கடல் என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். விண்மீனும் நிலவும் மட்டும் இருந்த காலத்தில் அது பிழைத்ததில்லை. இன்று சாலை விளக்கும் கடை விளக்கும் கைப்பேசி விளக்கும் எதிர்த்திசையில் ஒளிர்கின்றன. குஞ்சு வெளிச்சத்தை நம்பிச் சாலைக்கு ஏறுகிறது.

சென்னையின் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவெல்லாம் மணலில் நடந்து வருகின்றனர். முட்டைகளைக் கண்டெடுத்து, கடற்கரையில் அமைத்த அடைப்பில் மீண்டும் புதைத்துக் காக்கின்றனர். குஞ்சுகள் கடலுக்கு விடப்படும் வேளையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவோர் கூடுவர். அவர்களிடம் கேட்கப்படுவது பெரிதாக ஒன்றுமில்லை: சற்று விலகி நிற்பது, கைப்பேசி விளக்கை அணைத்துவைப்பது.