தலைமாட்டு வானொலிக் கடிகாரம்

தலைமாட்டில் வைக்கும் வானொலிக் கடிகாரம் வாங்கப் புகுவோர், சட்டைப்பையில் அடங்கும் பாட்டுக் கருவியைச் செருகுவதற்கு அதன் உச்சியில் அமைந்த பீடத்தையே முதலிற் பார்க்கின்றனர். கடிகாரத்தை ஆராய்பவர் சிலரே. விரைவில் மூப்படைவதோ அந்தப் பீடந்தான். அப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ஐபொட்டுக்கு அமைத்த 30 ஊசி இணைப்பு, 2012இல் லைட்னிங் இணைப்புக்கு இடங்கொடுத்தது. 2023இல் ஐபோனில் யூ.எஸ்.பி.-சி வந்தது. ஐபொட்டோ 2022இலேயே கைவிடப்பட்டது. ஆகவே, புளூடூத் வசதியோ 3.5 மில்லிமீற்றர்த் துளையோ உடன் இருத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கனடாவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் கடிகாரம், அந்நாட்டின் 120 வோல்ற், 60 ஹேட்ஸ் மின்சாரத்துக்கென ஆக்கப்பட்டது. இலங்கை மின்சாரமோ 230 வோல்ற். வினாடிக்கு 50 சுற்று. மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்கும், சுற்றை மாற்றாது. மின்சாரத்தின் சுற்றுகளை எண்ணியே நேரங்காட்டும் வகையாயின், கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இரவு 11 மணிக்குச் சரிசெய்து, காலை 4 மணிக்கு எழும்ப எண்ணிப் படுக்கும் பரீட்சை மாணவனை அது 5 மணிக்குத்தான் எழுப்பும். முகப்பிலோ 4 என்றே ஒளிரும். அவன் ஐயுறவும் மாட்டான். ஐரோப்பாவில் 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, கொசோவோ–சேர்பியப் பிணக்கினாற் சுற்று சிறிது குறைந்தபோதே, இத்தகைய கடிகாரங்கள் ஆறு நிமிடம் வரை பிந்தின.

குவாட்ஸ் பளிங்கினால் இயங்கும் கடிகாரத்துக்கு இத்தொல்லை இல்லை. மின்தடையின்போது நேரத்தைக் காக்கும் சிறு மின்கலத்துக்கு இடமுண்டா என்பதையும் கடையிலேயே கவிழ்த்துப் பார்த்துவிடலாம். கடைக்காரர் முகஞ்சுளித்தாற் சுளிக்கட்டும்.